வயிறு வெடித்த சூடை

ராத்தா என்றதும் எனக்கு ஞாபகம் வருவது அவர் இடுப்பில் ஒரு பேசினை வைத்துக்கொண்டு நின்ற நிலைதான். விளிம்பு நெளிந்த, அகன்ற அலுமினியப் பாத்திரம். காலை வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். இறக்கக்கண்டிக் கரையில், சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, நான் மீனை எடை பார்த்து முடிக்கும்வரை ஒரு சொல் பேசாமல் நிற்பார். முகம் என் தராசைப் பார்த்தபடியே இருக்கும். கடற்கரையில் வேடிக்கை பார்க்க ஆட்களுக்கா பஞ்சம், அவர்களில் ஒருவர் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா என்ற பொருளில் எல்லோரும் ராத்தா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அப்போது எனக்கு வேலை, கடலில் பிடிபடும் மீனில் எவ்வளவு மனிதர் வாய்க்கு எட்டாமல் வீணாகிறது என்று அளப்பது. அன்புவழிபுரத்திலிருந்து விடியலிலேயே மோட்டார் சைக்கிளில் புறப்படுவேன். தோளில் தொங்குதராசு, பையில் படிவக் கட்டு, மனதில் நாட்டின் பசியையே தீர்க்கப் போகிறவன் போன்ற மிடுக்கு. சூடை மென்மையான மீன். படகில் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் கரைக்கு வருமுன்பே அதன் வயிறு வெடித்துவிடும். வெடித்ததை லொறிக்காரர்கள் கையாலும் தொடமாட்டார்கள். படகுக்காரர்கள் அதைப் பொறுக்கி மணலில் ஒரு பக்கமாக வீசிவிடுவார்கள். அந்தக் குவியல்தான் என்னுடைய சொத்து. நான் எடை பார்க்கும்வரை யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவைத்தேன்.

படிவத்தில் விற்றது, காயப்போட்டது, வீட்டுக்கு எடுத்தது, எறிந்தது என்று நான்கு கட்டங்கள் இருந்தன. மூத்த படகுக்காரர் ஒருவரிடம் குவியலைக் காட்டிக் கேட்டேன்.

"ஐயா, இதை என்ன செய்வீங்கள்?"

"எறியிறதுதான் தம்பி. வேறென்ன?"

சொல்லிவிட்டு அவர் வலைப்பக்கம் திரும்பிக்கொண்டார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்? எறிந்தது என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டு, அடுத்த கரையைப் பிடிக்கச் சல்லிக் கிராமத்துக்குப் பறந்துவிடுவேன். நான் போன பிறகு அந்த மணலில் என்ன நடக்கிறது என்று ஒருநாளாவது திரும்பிப் பார்த்திருக்கலாம்.

என் கணக்குகள் அறிக்கையாயின. அறிக்கையைப் பார்த்த அரசாங்கப் பெரியவர்கள் படகுகளுக்கு ஐஸ் பெட்டிகள் கொடுத்தார்கள். சில மாதம் கழித்து மறுபடியும் அளக்கப் போனேன். மணல் துப்புரவாகக் கிடந்தது. ஒரு சூடைகூட வெடித்திருக்கவில்லை. அத்தனையும் பளபளவென்று லொறியில் ஏறின. எனக்குத் தலைகால் புரியவில்லை. எறிந்தது என்ற கட்டத்தில் ஒரு பெரிய பூச்சியத்தைப் போட்டுவிட்டு, அதையே கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ராத்தா பக்கத்தில் வந்தார். பேசினில் ஒன்றுமில்லை.

"தம்பி, நீங்க இவ்வளவு நாளும் நிறுத்ததெல்லாம் என்ட மீன்."

எனக்கு விளங்கவில்லை. அவரே மெல்லச் சொன்னார். வெடித்த மீனை எடுத்துப்போய்க் குடல் நீக்கி, உப்புப் போட்டுக் காயவைத்து, வீடுவீடாக விற்றுத்தான் இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கிறார். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். நான் எடை பார்க்காமல் தொடக் கூடாது என்று சொன்னதால் அத்தனை நாளும் வெயிலில் காத்து நின்றிருக்கிறார்.

"நீங்க சுணங்கி வாற நாளில பாதி கருவாட்டுக்கும் ஆகாது தம்பி. மண்ணுக்குள்ள தாட்டுப்போட்டுப் போயிருவன்."

வீணாவதை அளக்கப் போனவன் நான். என் தராசுக்காகக் காத்துக் கிடந்து வீணான மீனுக்கு என் படிவத்தில் கட்டமே இருக்கவில்லை. நேரே அந்த மூத்த படகுக்காரரிடம் போனேன்.

"ஏன் ஐயா எறியிறது எண்டு சொன்னீங்கள்?"

"குடுக்கிறம் எண்டு எப்பிடித் தம்பி சொல்லுறது? அந்தப் புள்ள பிச்சை எடுக்கிறா எண்டெல்லோ ஆகிடும்? நாங்க எறியிறம், அவ எடுக்கிறா. அவ எடுக்கேக்க நாங்க பாக்கிறதும் இல்ல."

ஊரார் ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன சொல் அது. அதை நான் புள்ளிவிவரம் என்று எழுதி, அரசாங்கம்வரை அனுப்பிவிட்டிருந்தேன்.

என்னால் முடிந்த அளவுக்கு ஓடித் திரிந்தேன். அலுவலகத்தில் அறிக்கையைத் திருத்தக் கேட்டேன். வீண் குறைந்தது நல்லதுதானே, அதில் திருத்த என்ன இருக்கிறது என்றார்கள். படகுக்காரர்கள் நல்ல மீனில் ஒரு பங்கை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். ராத்தா தொடவில்லை. "விலைபோற மீன் தம்பி. அத வாங்கினா நாளைக்கு அவங்கட முகத்தப் பாக்க ஏலாது" என்றார். என்மேல் ஒரு கோபமும் காட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"ஐஸ் பெட்டி நல்லதுதான். மீன் நாறாம இருந்தா எல்லாருக்கும் நல்லம். என்னட்டயும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

கொஞ்ச நாளில் அவர் கரைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

இப்போது நான் விடுதிகளில் வீணாகும் உணவை அளக்கிறேன். போன வருடம் உப்புவெளியில் ஒரு விடுதிக் குசினிக்குள் நுழைந்தபோது, பாத்திரம் கழுவும் தொட்டியடியில் ராத்தா நின்றார். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் சிரித்தார்.

"தராசுத் தம்பியெல்லோ? இஞ்சயும் வந்திட்டீங்களா?"

விடுதிக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்குத் துண்டு மீன் மட்டும் போனால் போதும். பெரிய பெரிய பாரை மீன் தலைகள் சதையோடு வாளிக்குப் போய்க்கொண்டிருந்தன. வேலையாட்கள் குசினியிலிருந்து எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, மீறினால் வேலை போய்விடும் என்று முதலாளி எனக்கு முன்பே சொல்லியிருந்தார்.

பட்ட புத்தி எனக்கு நன்றாகவே இருந்தது. இந்தத் தடவை தராசை எடுக்கவே இல்லை. முதலில் கேட்டேன்.

"ராத்தா, இதிலிருந்து ஆரும் ஏதும் எடுக்கிறவையா?"

அவர் கதவுப்பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஓம் தம்பி. ஆனா எழுதிராதீங்க. நீங்க எழுதினா இதுவும் இல்லாமப் போயிரும்."

நான் வெளியே போய் ஒரு தேநீர் குடித்தேன். ஆறஅமரத் திரும்பி வந்து, வாளியில் மிச்சமிருந்ததை மட்டும் எடை பார்த்து எழுதினேன்.