இரண்டு மிக்கேலும் ஒரு சிவப்பு வரியும்

பூட்ட ஒரு சாவி போதும், திறக்க மூன்று ஆபீஸ் சம்மதிக்க வேண்டும். அதுதான் ஜெயில் உத்தியோகம். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிளைச் சிறையில் பதிவேடு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இனி சொல்லப்போவதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் திருச்செந்தூர் முருகன் என்னைக் கேட்கட்டும். பனிமய மாதாவும் பக்கத்தில் நின்று கேட்கட்டும். ஏதாவது ஒரு ஜன்னலில் காகிதத்தை நீட்டி, "இங்கன இல்ல, அங்கன போங்க" என்று விரட்டப்பட்டிருக்கிறீர்கள் அல்லவா? அப்படியானால் நீங்களும் நம்ம கூட்டம்தான்.

வாசித்துக் காட்டிய புண்ணியவான்

கம்ப்யூட்டர் வருமுன் ஸ்டேஷனுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரிந்தது கோர்ட்டுக்குத் தெரியாது. ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர், தலைமறைவாக இருக்கும் ஆள் என்று ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து எங்கள் வாசல் சுவரில் ஒட்டச் சொன்னார். அன்றைக்குப் பார்த்து என் மூக்குக் கண்ணாடி உடைந்திருந்தது. கம்பிக்குப் பின்னால் நின்ற கைதி ஒருவன், தானே வாசித்துத் தருவதாக வாங்கி, பேர், ஊர், அங்க அடையாளம் எல்லாவற்றையும் கோயில் பிரசங்கம் மாதிரி கணீரென்று வாசித்தான்.

வேறொரு வழக்கில் நாலு மாதமாக எங்கள் சோற்றைத் தின்றுகொண்டிருந்த அவனைத்தான் அந்த நோட்டீஸ் தேடியது. அது எனக்கு மறுநாள் புதுக் கண்ணாடி வந்த பிறகே தெரிந்தது. அவனோ நோட்டீஸை மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தபோது இவ்வளவுதான் சொன்னான்: "இவனைக் கண்டா சொல்லி அனுப்புதேன் ஐயா."

ஒரே கம்பி

இந்த மாதிரிக் கூத்தை ஒழிக்கத்தான் ஸ்டேஷன், கோர்ட், ஜெயில் மூன்றையும் கம்ப்யூட்டரில் இணைத்தார்கள். ஓர் இடத்தில் தட்டினால் மூன்று இடத்திலும் தெரியும். ஜாமீனில் போகிறவன் பேரில் வேறெங்காவது வாரண்டு இருந்தால் திரையில் சிவப்பாக ஒரு வரி வரும். வந்தால் கதவைத் திறக்கக் கூடாது.

எனக்கு அன்றைக்கே ஒரு சந்தேகம். எங்கள் கடற்கரை ஊர்களில் மூத்த பையனுக்குத் தாத்தா பேரை வைப்பார்கள். அதனால் பாதி மிக்கேலுக்கு அப்பா அந்தோணி, பாதி அந்தோணிக்கு அப்பா மிக்கேல். ஆளைப் பிரித்துச் சொல்லக் கணவா மீன், சிங்கி இறால் என்று வைக்கிற பட்டப்பேர்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரிலோ பட்டப்பேருக்கு இடமே இல்லை. பொருத்த வந்த இன்ஜினீயரிடம் இதைச் சொன்னேன். அவர் ஸ்குரூவை முறுக்கிக்கொண்டே பதில் சொன்னார்: "கம்ப்யூட்டர் குழம்பாது அண்ணாச்சி, மனுசன்தான் குழம்புவான்."

ஐந்தே கால் மணி

வலையை அறுத்தது யார் என்ற சண்டையில் ரிமாண்டுக்கு வந்தவன் கணவா மிக்கேல். கரையில் வலை பின்னுகிற ஆள். படகில் ஏறினால் வாந்தி எடுப்பான். விடிந்தால் அவன் மகளுக்குக் கல்யாணம். ஜாமீன் உத்தரவு சாயங்காலம் ஐந்தே காலுக்கு வந்தது. ஆறு மணிக்குக் கைதிகளை அடைத்துவிட்டால் பிறகு மறுநாள்தான் விடுதலை. வாசலில் அவன் பெண்சாதி செலின், புதுச் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

தட்டினேன். சிவப்பு வரி. இலங்கைக்குப் பீடி இலை கடத்திய வழக்கில் மிக்கேல், தகப்பனார் அந்தோணி, அதே ஊர், அந்த ஊர் ஸ்டேஷனில் மூன்று வருட வாரண்டு. இது கணவா இல்லை, சிங்கி மிக்கேல் என்று ஊரில் கைக்குழந்தையும் சொல்லும். எங்கள் சூப்பிரண்டோ, சிவப்பு போகாமல் திறந்தால் தன் வேலை போகும் என்றார். அதுவும் உண்மைதான். அந்த ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். கோர்ட்டைக் கேட்கச் சொன்னார்கள். கோர்ட்டில் எடுத்தவர், பூட்டிக்கொண்டிருக்கிறோம், ஸ்டேஷனைக் கேளுங்கள் என்றார். கடிகாரம் ஐந்தரையைத் தாண்டியிருந்தது. உள்ளே கணவா கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

வாரண்டு ஆளே வந்து நின்றால்தான் சிவப்பு போகும். வாசலுக்குப் போய், சிங்கி எங்கே இருக்கிறான் என்று செலினிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். போலீஸ் மூன்று வருடமாகத் தேடுகிற ஆளின் இருப்பிடம் அவளுக்குத் தெரிந்திருந்தது என்பது அதிலேயே விளங்கியது. கடைசியில் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அவன் எங்கூடப் பொறந்தவன் அண்ணாச்சி. நாளைக்கி பொண்ணுக்குத் தாய்மாமனும் வேணும், அப்பனும் வேணும். நான் யாரக் காட்டிக்குடுக்க?"

வெங்காய வாசனை

நான் வெற்றிலையை மென்றபடி வேறு பக்கம் திரும்பி நின்றேன். அவள் சுவர் ஓரமாகப் போய்ப் போனை எடுத்தாள். வா என்று அவள் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்லி அழுதாள், அவ்வளவுதான்.

பத்தே நிமிடத்தில் ஒரு டி.வி.எஸ். வண்டி வந்து நின்றது. சிங்கி மிக்கேல்! லுங்கியும் பனியனுமாக, கல்யாண வீட்டுச் சமையலில் இருந்து எழுந்து வந்தவன். கண் இரண்டும் சிவந்திருந்தன. வெங்காயமா வேறெதுவுமா, நான் கேட்கவில்லை. நேரே ஜெயில் கதவைத் தட்டி, என்னை உள்ளே எடுங்கள் என்றான். உத்தரவு இல்லாமல் யாரையும் எடுக்க முடியாது என்று சூப்பிரண்டு அவனையும் தடுத்துவிட்டார். எங்கள் கதவு இரண்டு பக்கமும் அப்படித்தான்.

ஐந்து ஐம்பதுக்கு மறுபடி அந்த ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். உங்கள் ஆள் என் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்றதும் ஜீப் பறந்து வந்தது, ரோட்டில் அதன் சக்கரம் பட்டிருந்தால் என்னைக் கேளுங்கள். இன்ஸ்பெக்டர் சிங்கியின் முகத்தைப் பார்த்தார், தன் ஸ்டேஷனுக்குப் பேசி, ஆள் பிடிபட்டான் என்று தட்டச் சொன்னார். ஆறு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில் சிவப்பு வரி மறைந்தது. கணவா வெளியே வந்தபோது சிங்கி ஜீப்பில் ஒரு காலை வைத்திருந்தான். கணவா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். செலின் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிங்கிதான் கையை விடுவித்துக்கொண்டு சொன்னான்: "மச்சான், பிரியாணிக்கி இன்னும் உப்பு போடல. போனதும் போட்ரும்."

மூன்று ஆபீஸும் ஒரே கம்பியில் இணைந்து மூன்று வருடம் தேடியவனைத் தங்கச்சி அழுத ஒரு போன் பத்து நிமிடத்தில் கொண்டுவந்தது. ஆனால் அந்த நேரத்தில் ரைட்டர் வெற்றிலை மென்றபடி எதைக் கண்டும் காணாமல் நின்றான் என்று உங்களுக்குச் சொன்னது யாரென்று மட்டும் தயவுசெய்து யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.