திருப்பிப் போட்ட பைகள்

“பாய், முதல்ல வெறும் பைய வைங்க” என்கிறார் அய்யாத்துரை. தென்காசிச் சந்தைப் பக்கத்து மளிகைக்கடைத் தராசில் மஞ்சள் துணிப்பை ஏறுகிறது. கடைக்கார மைதீன் எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, அதற்குப் பிறகே துவரம் பருப்பை அள்ளுகிறார். அடுத்து எண்ணெய்க்குத் தூக்குவாளி, தயிருக்கு எவர்சில்வர் டப்பா, கடுகுக்குக் காப்பித்தூள் பாட்டில். ஞாயிற்றுக்கிழமை காலையில் இவருக்குப் பின்னால் நிற்க நேர்ந்தால் எனக்குப் பொறுமை போய்விடும்.

மைதீன் பழக்கதோஷத்தில் பிளாஸ்டிக் கவரை ஊதிப் பிரித்துவிட்டால் போதும், இவர் கை குறுக்கே நீளும். “வேண்டாம் பாய். பாறை இடுக்குல கெடக்க கவர நோண்டி எடுக்கதுதான் எம் பொழப்பு. நானே காசு குடுத்து வீட்டுக்கும் வாங்கிட்டுப் போவணுமாக்கும்?” குற்றாலத்தில் ஐந்தருவிக்குக் கீழே துப்புரவு வேலை அவருக்கு. சாரல் தொடங்கினால் ஊரெல்லாம் குளிக்கப் போகும். இவர் சிப்ஸ் பாக்கெட் பொறுக்கப் போவார்.

இவர் கொண்டுவரும் பைகள் எல்லாமே உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பியிருக்கும். தையல் பிசிர் நூல் நூலாகத் தொங்கும். ஏன் என்று கேட்டால் பதில் தயார். “தையல் உள்ள இருந்தா பருப்பு மூலையில போயி உக்காந்துக்கிடும். திருப்பிப் போட்டா ஒரு மணி சிக்காது, பாத்துக்கிடுங்க.”

அது சரிதான். ஆனால் உண்மைக் காரணம் கடையில் எல்லோருக்கும் தெரியும். அவர் மகள் இசக்கிச்செல்வியின் கல்யாணத்தில் தாம்பூலம் கொடுக்க அடித்த பைகள் அவை. உள்ளே மறைந்த பக்கத்தில் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் சிவப்பு மையில் இருக்கும். வந்தவர்களுக்குக் கொடுத்தது போக ஒரு கட்டு மிஞ்சிவிட்டது. கல்யாணம் ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. செல்வி அப்பா வீட்டுக்கே திரும்பிவிட்டாள். நல்ல துணியைக் குப்பையில் போட இவருக்கு மனசு வராது. அந்த எழுத்து மகள் கண்ணில் படவும் கூடாது. அதனால் துவைப்பதும் காயப்போடுவதும்கூடத் திருப்பியபடிதான், அதுவும் தன் கையால்தான்.

போன ஞாயிறு செல்வியும் கூட வந்தாள். ஆலங்குளத்தில் ஏதோ ஆபீஸில் இப்போது வேலை பார்க்கிறாள். அப்பா கையிலிருந்து ஒரு பையை வாங்கி, உள்ளே கைவிட்டு, நேராகத் திருப்பினாள். அய்யாத்துரைக்கு முகம் செத்துப்போயிற்று.

“ஏட்டி, தையல்ல பருப்பு சிக்கும்...”

“சிக்குனா ஒதறிக்கிடலாம். நீங்க தொவைக்கதையும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். எத்தன நாளைக்குப்பா எம்பேர உள்ள போட்டு மூடிவைப்பீய?”

“நாலு பேரு பாப்பாவளே தாயி.”

“பாக்கட்டும். நான் என்ன தப்பா பண்ணுனேன்?” என்றவள் பையை மைதீனிடம் நீட்டினாள். “அண்ணாச்சி, இதுல உளுந்து போடுங்க.”

மைதீன் பையை வாங்கினார். வெறும் பையைத் தராசில் வைத்தார், பூஜ்யமாக்கினார், உளுந்தை அள்ளினார்.

நிறைந்த பையை அய்யாத்துரைதான் வாங்கினார். எழுத்துப் பக்கத்தை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு படியிறங்கினார். தெருவுக்கு வந்ததும் நின்றார். எழுத்துப் பக்கம் வெளியே தெரியும்படி பையைத் திருப்பிப் பிடித்தார். மாப்பிள்ளை பெயரை மட்டும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மகள் பெயர் எல்லோருக்கும் தெரியும்படி கடைத்தெருவில் நடந்தார்.