மாதப்பன் எண்ணெய் தடவிய தண்டுகள்

மாரண்டஹள்ளிப் பக்கத்துச் சின்ன ரயில் நிலையமொன்றில் மாதப்பன் போர்ட்டர். தந்திக் கருவிக்கு மின்சாரம் தரும் கண்ணாடி ஜாடிகளும் அவர் பொறுப்பு. வாரந்தோறும் நவச்சாரத் தண்ணீர் நிரப்புவார். கரைந்து குச்சியாகிப்போன துத்தநாகத் தண்டை எடுத்துவிட்டுப் புதிது வைப்பார். நல்ல உலோகம் இப்படி வீணாகிறதே என்று அவருக்கு மனசே ஆறாது.

1938 கோடையில் கீரைக்கார ரங்கம்மாளின் கணவர் கரியன் சேலத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிள்ளைகளையும் மாட்டையும் விட்டு அவளால் கூடப் போய் இருக்க முடியவில்லை. மோசமானால் தந்தியடிப்பதாகக் கரியனின் தம்பி சொல்லியிருந்தான். தினமும் காலையில் வந்து நிற்பாள்.

"தந்தி வந்துதா, மாதப்பா?"

"வந்தா நானே வூட்டுக்கு ஓடியாறனுங்கக்கா."

அந்த வாரம் புதுத் தண்டுகள் வந்தன. ஏர்க்கொழுவையும் அரிவாளையும் விளக்கெண்ணெய் தடவி வைத்துப் பழகிய கை அவருடையது. இதுவாவது கொஞ்ச நாள் உழைக்கட்டும் என்று தண்டுகளுக்கும் வழிய வழியத் தடவி ஜாடியில் இறக்கினார். தண்டு கரையவில்லை. கருவியும் தட்டவில்லை.

கரியனுக்கு மோசமென்று வந்த தந்திக்குப் பதில் கிடைக்காததால் அடுத்த நிலையத்தார் அதைத் தாளில் எழுதி மறுநாள் ரயிலில் அனுப்பினார்கள். ரங்கம்மாள் சேலம் போய்ச் சேர்ந்தபோது கரியனைப் புதைத்து முடித்திருந்தார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் தண்டை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"அது கரைஞ்சாதாண்டா கரண்டு. சுழியா இருக்கற துத்தநாகம் ரெண்டு எலக்ட்ரானை இழந்து கூட்டல் ரெண்டாகணும். இழந்ததை ஜாடிக்குள்ள அந்தப் பக்கத்து மண்குடுவையில இருக்கற மாங்கனீசு வாங்கிக்கணும். நீ இழக்கவே விடலையே!"

மாதப்பனுக்கு எண்கள் புரியவில்லை. தான் செய்தது புரிந்தது. அந்த மனிதரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை; காப்பாற்றத்தானே நினைத்தார். ஆனால் அவர் தன்னை மன்னிக்கவில்லை. ரங்கம்மாளைக் கண்டால் விளக்கறைக்குள் போய்விடுவார்.

போருக்கு இரும்பு வேண்டுமென்று 1941-ல் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். கடைசி ஜாடியை வண்டியில் ஏற்றிவிட்டு மாதப்பன் நேராக ரங்கம்மாள் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் கீரை ஆய்வதை நிறுத்தினாள்.

"மூணு வருசமா அந்த ரயிலைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்."

"ரயிலு போயிருச்சுங்கக்கா. இனிமே என்னைத் திட்டுங்க."

அவள் திட்டவில்லை. மறுபடியும் கீரையைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்:

"அவரு சாவற வரைக்கும் கதவையே பாத்துக்கிட்டு இருந்தாராம், மாதப்பா."