காருக்கு அடியில் என் முகம்

காற்றின் மேல் கோபப்பட்டு ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தால் அவனை மந்திரிக்கக் கூட்டிப்போக வேண்டும். என்னை யாரும் கூட்டிப்போகவில்லை. அந்தக் கோபம் தனியாக இருக்கிறது.

பாப்பாரப்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனைவிக்குப் பென்னாகரத்தில் ஆபீஸ் வேலை. அவளுக்கு முதுகில் டிஸ்க் விலகி, இனி பஸ்ஸில் நின்றபடி குலுங்கிப் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் பழைய கார் ஒன்று வாங்கினோம். காலையில் கொண்டுபோய் விடுவேன், சாயங்காலம் அழைத்து வருவேன். கார் நல்ல கார்தான். குடி மட்டும் பெருங்குடி. பெட்ரோல் பங்க்கில் எனக்குக் கிடைக்கிற வரவேற்பு மாமனார் வீட்டில்கூடக் கிடைத்ததில்லை.

ஒருநாள் அவள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, இந்த மாசத்தோட கார வித்துடலாங்க. என் சம்பளம் பாதி அது வாயிலயே போவுது. நான் பஸ்லயே போய்க்கறன்."

"டாக்டர் என்னா சொன்னாரு?"

"டாக்டரா வந்து பெட்ரோல் ஊத்தறாரு?"

பதில் இல்லாத இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். கையில் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். அங்கேதான் அந்த வீடியோ மாட்டியது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் தன் காரை முன்னும் பின்னும் அட்டை வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். காரின் பெட்ரோலைத் தின்பது காற்றாம். முன்னால் நின்று மறிக்கிறதாம், வயிற்றுக்கு அடியில் புகுந்து பிடித்து இழுக்கிறதாம். எனக்கு ரத்தம் கொதித்தது. இவள் முதுகு வலியோடு உட்கார்ந்து சம்பாதித்ததை இத்தனை நாளாகக் காற்றா தின்றது?

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு வேலையில் இறங்கினேன். ஜெராக்ஸ் பேப்பர் வந்த அட்டைப் பெட்டிகளை வெட்டி முன் கிரில்லைப் பாதி அடைத்தேன். சக்கரங்களுக்கு அலுமினியத் தட்டுகளை மாட்டினேன். வயிற்றுக்கு அடியில் மூட மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போதுதான் பேனர் ஞாபகம் வந்தது.

அக்கா மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் என்று எனக்கு ஊர் முனையில் பிளக்ஸ் பேனர் வைத்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி, கும்பிட்ட கை, பின்னால் எதற்கென்றே தெரியாமல் ஒரு சிங்கம். எங்கள் பக்கம் விசேஷம் முடிந்த பேனரை யாரும் வீசுவதில்லை. கோழிக் கூண்டுக்கோ வைக்கோல் போருக்கோ போய்விடும். அப்படித்தான் அது என்னிடம் சுருண்டு கிடந்தது. குழந்தையின் படத்தை வெட்டிப் பத்திரமாக எடுத்துவைத்தேன். அந்த அளவு மரியாதை தெரியும். மீதி இருந்த என்னைக் கட்டுக்கம்பி போட்டுக் காருக்கு அடியில் கட்டினேன். அச்சடித்த பக்கம்தான் வழவழப்பு. காற்று வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று முகம் ரோட்டைப் பார்க்கும்படி வைத்தேன்.

மனைவி குனிய முடியாமல் குனிந்து பார்த்தாள். "உங்க மூஞ்சியப் பாத்து ரோடு பயந்துக்கினு வழி வுடுமா?"

டீக்கடைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். "என்னா சார், வண்டிக்குப் பாவாட கட்டி வுட்டிருக்கீங்க! சடங்கு எப்ப?"

சிரித்தவர்களை எல்லாம் மனதில் குறித்துக்கொண்டேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கலுக்குச் சோதனை ஓட்டம் போனபோது அதே டீக்கடைக்காரரைத்தான் பக்கத்தில் உட்காரவைத்துப் போனேன். வாராவாரம் என்னோடு வருகிற ஆள் அவர்தான். வறுத்த மீன் தின்றோம். காற்று தோற்றுவிட்டது என்று முடிவு செய்து திரும்பினோம்.

தோற்கவில்லை. பெட்ரோல் முள் பழையபடியே இறங்கியது. வீடியோவை மறுபடி பார்த்தேன். அவர் போகிற சாலை வானம்வரை நீட்டமாகக் கிடந்தது. நம் சாலையில் காற்று எதிர்க்கிற வேகத்தை எட்டுவதற்குள் வேகத்தடை வந்துவிடும். கோயிலுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, சரி. பேக்கரிக்கு எதற்கு ஐயா? வெள்ளைக் கோடு கிடையாது, பலகை கிடையாது. ரோட்டுக்கு நடுவில் எருமை படுத்திருக்கிற மாதிரி படுத்திருக்கும். ஒவ்வொன்றிலும் பிரேக், கியர், மறுபடி மிதி. பிரேக்கை மிதிப்பது பெட்ரோலை ரோட்டில் ஊற்றுவதற்குச் சமம் என்று அந்த வெள்ளைக்காரரும் சொல்லியிருந்தார்.

அந்த வாரம் ஒருநாள் அவளை விட்டுவிட்டுத் திரும்பும்போது, லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் தன் வீட்டு முன்னால் ரோட்டில் சிமென்ட் குழைத்துப் புதிதாக ஒரு மேடு போட்டுக்கொண்டிருந்தார். காரை நிறுத்திக் கத்தினேன்.

"யாரக் கேட்டுப் போடறீங்க?"

"எங்க ஆட்ட அடிச்சவன் யாரக் கேட்டு அடிச்சான்?"

"அதுக்கு ரோட்டையே மறிப்பீங்களா? மைலேஜ் என்னாவறது?"

அவர் கரண்டியைக் கையில் பிடித்தபடி குனிந்து என் காரைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். "ஏன் சார், பறக்கற மாதிரி வண்டியச் செஞ்சி எடுத்துக்கினு வந்துட்டு, மேடு எதுக்குன்னு என்னக் கேக்கறீங்களே?"

மறுநாள் முழுக்க எனக்கு வாயில் இந்தப் பதிலின் கசப்பு. ஈர மேட்டைச் சுற்றிக் கல் வைத்திருந்ததால் ஓரமாக ஒதுங்கித்தான் போய்வந்தேன். அதற்கடுத்த நாள் காலை அந்த மேடு காய்ந்து எனக்காகக் காத்திருந்தது. தூரத்திலேயே பார்த்துவிட்டேன். கால் பிரேக்குக்குப் போகவில்லை. உனக்காக ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட விடமாட்டேன்டா என்று பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே விட்டேன்.

கார் எகிறி விழுந்தது. அடியில் ஏதோ கிழிந்தது. பக்கத்தில் "ஐயோ, அம்மா!" என்று ஒரு குரல். அந்தக் குரலுக்காகத்தான் இந்தக் காரே வாங்கினோம்.

நிறுத்தினேன். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். பின்னால் வந்த பஸ்ஸுக்குக் கை காட்டினாள், நின்றது, ஏறிக்கொண்டாள். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்த அவள் கை மட்டும் எனக்குத் தெரிந்தது. பஸ் அந்த மேட்டைத் தாண்டித்தான் நின்றிருந்தது. தாண்டி வந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நிறைமாதக்காரி படியேறுகிற மாதிரி ஏறி இறங்கியது. அந்த டிரைவர் மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது போல வேறு யார் மேலும் வந்ததில்லை.

மேட்டுக்காரர் கிழிந்த பிளக்ஸைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். விரித்துப் பார்த்தார். கண்ணாடியும் மூக்கும் தேய்ந்து போய், மீசையும் சிங்கமும் மிச்சம்.

"யாரு சார் இது? ஏதாவது கட்சிக்காரரா?"

"நான்தான்."

படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டுக்கும் நல்ல அடிதான் போல," என்றார்.

அங்கேயே அட்டை, தட்டு எல்லாவற்றையும் பிய்த்து எறிந்தேன். சாயங்காலம் ஆபீஸ் வாசலில் காத்திருந்தேன். அவள் காலை ஊன்றி ஊன்றி வந்தாள். காரைச் சுற்றிப் பார்த்தாள்.

"பாவாட எங்க?"

"அவுத்துட்டன். ஏறு."

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஏறினாள். அந்த மேடு வந்ததும் கிட்டத்தட்ட நிறுத்தியே விட்டேன். முன் சக்கரம், பின் சக்கரம் என்று ஒவ்வொன்றாக இறக்கினேன்.

"இப்ப பெட்ரோல் போவலையா?"

"போவுது."

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அந்த டீக்கடைக்காரரக் கூட்டிக்கினு மீன் தின்னப் போறீங்களே, அத நிறுத்துங்க. நான் ஆபீஸ் போறதுக்கு அந்தப் பெட்ரோலே போதும். கார விக்க வேணாம்."

எந்த வெள்ளைக்காரரும் வீடியோவில் இதைச் சொல்லவில்லை. ஒகேனக்கல் மலைப்பாதையில் அந்தக் கார் குடித்த குடியை நான் சேர்த்துக் கணக்குப் போட்டதே இல்லை. காற்றைத் திட்டினேன், ஊரைத் திட்டினேன். கடைசியில் மீனில் வந்து நின்றது. அந்தக் கோபத்தில் அடுத்த வேகத்தடையைக் கெட்ட வார்த்தையில் கூவித் திட்டினேன்.

"மெதுவாத் திட்டுங்க," என்றாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "வண்டி குலுங்குது."