பெருமாள் பெயரில் வரைந்த தாயம்மா

நந்திதுர்க் தங்கச் சுரங்க வாசலில் நின்ற எச்சரிக்கை போர்டுகளைப் பார்த்தால், எழுத்துத் தெரியாதவனும் ஓர் எட்டு பின்வாங்குவான். படங்களில் ஹெல்மெட் இல்லாத மண்டையில் கல் விழும்; ஆட்களைக் கீழே இறக்கும் கேஜ் நிற்பதற்குள் குதித்தவனின் கால் முறியும். எல்லாம் பெயிண்டர் பெருமாளின் கைவேலை என்றுதான் ஊர் நம்பியது.

உண்மையில் வரைந்தவள் அவன் மனைவி தாயம்மா. 1961-ல் சுரங்கத் தளங்களுக்கு லெவல் நம்பர் எழுதக் கீழே போனபோது பாறை வெடித்து, பெருமாளின் வலது கை விரல்கள் மடங்காமல் போயின. வேலை போனால், ஸ்கெலட்டன் லைன் குடியிருப்பில் கம்பெனி கொடுத்த வீடும் போய்விடும். சுரங்கப் பட்டறையில் தூசி என்று சாக்குச் சொல்லி, தகரப் பலகைகளை வீட்டுக்குத் தூக்கி வந்தான். பூதிகோட்டையில் மாட்டுவண்டிப் பலகைகளுக்குப் பூவும் கிளியும் போட்டு வளர்ந்தவள் தாயம்மா. கதவைச் சாத்திக்கொண்டு மூன்று வருஷம் வரைந்தாள். மகள் ஜெயம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

அந்த மகள்தான் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தாள்.

"அம்மா, இன்னிக்கு சௌந்தரம் டீச்சர் பொம்பளைங்க போட்ட படமா காட்னாங்க. உங்களுக்குத் தெரிஞ்சு யாராச்சும் பொம்பளை படம் போடுவாங்களான்னு கேட்டாங்க. எங்கம்மான்னு சொல்லிட்டேன்."

"இன்னா சொன்ன?"

"மைன்ஸ் போர்டெல்லாம் நீதான் போடறேன்னு."

தாயம்மா அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. வகுப்பில் நாற்பது பெண்கள். இந்நேரம் நாற்பது வீடுகளுக்குச் செய்தி போயிருக்கும்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். டிராயிங் டீச்சர் சௌந்தரம், ராபர்ட்சன்பேட்டை துணிக்கடைக்காரர் மகள், சின்ன வயசு. முகமெல்லாம் சிரிப்பாக வந்து, "வாங்கம்மா, உங்களைத்தான் பாக்கணும்னு இருந்தேன்" என்றாள்.

"டீச்சர், கொழந்த இன்னாவோ உளறிட்டா. நான் எதுவும் வரையலன்னு சொல்லிடுங்க. தெரிஞ்சா அவருக்கு வேலை போய்டும், வூடு போய்டும்."

சௌந்தரம் பதறினாள். "ஐயோ, எனக்குத் தெரியாதும்மா. பெருமையா எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே!"

தாயம்மாவின் பார்வை சுவருக்குப் போனது. பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டிய படங்கள். பஞ்சாபி அப்பாவுக்கும் ஹங்கேரி அம்மாவுக்கும் பிறந்த அம்ரிதா ஷேர்கில் வரைந்த பெண்கள். கறுப்பர் ஒருவருக்கும் அமெரிக்கப் பழங்குடிப் பெண்ணுக்கும் பிறந்து, சலவைக்கல்லில் சிலை செதுக்கிய எட்மோனியா லூயிஸ். கடைசியில், செத்த பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்ட ஒரு தாய். ஜெர்மனிக்காரி கேத்தே கோல்விட்ஸ் வரைந்தது.

"இத போட்டதும் பொம்பளையா?"

"ஆமாம்மா."

தாயம்மா படத்துக்கு அருகே போனாள். பாறை வெடித்துச் சங்கு ஊதும் நாட்களில், சுரங்கக் குழி இறங்கும் ஷாஃப்ட் வாசலில் இப்படி உட்கார்ந்த பெண்களை எத்தனை முறை பார்த்திருக்கிறாள்! இதையெல்லாம் வரையலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

வீட்டில் பெருமாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "டக்ளஸ் சாருக்குத் தெரிஞ்சி போச்சி. உன்னையும் கூட்டினு வரச் சொன்னாரு."

ஃபோர்மேன் டக்ளஸ் பட்டறை நடுவில் ஒரு தகரத்தை நிறுத்தி வைத்திருந்தார். சுற்றிலும் இருபது ஆட்கள். "நீதான் போடறதா? எங்க முன்னால போடு, பாக்கலாம்."

தாயம்மா பிரஷ்ஷை எடுத்தாள். ஹெல்மெட்டும் வரவில்லை, கல்லும் வரவில்லை. இடுப்பில் குழந்தையோடு ஷாஃப்டுக்குள் எட்டிப் பார்க்கும் ஒரு பெண் வந்தாள். படத்தில் ஆண் ஒருவனும் இல்லை. தம்பியைச் சுரங்கத்துக்குப் பறிகொடுத்த ஃபிட்டர் ஏனோக், பாதியிலேயே வெளியே போய்விட்டான்.

"இதுல இன்னா எச்சரிக்கை இருக்கு?" என்று கேட்டார் டக்ளஸ்.

"கீழ எறங்கறவங்களுக்குப் புரியும், சார்."

பெருமாளை, கீழே இறங்குபவர்களுக்கு விளக்குகள் கொடுத்து வாங்கும் அறைக்கு மாற்றினார்கள், வீடு தப்பியது. பெண்ணைப் பெயிண்டராகச் சேர்க்கக் கம்பெனியில் விதி இல்லை. அதனால் பலகைகள் அவள் வீட்டுக்கே, அவள் பெயருக்கே வரத் தொடங்கின. ஆனால் அந்தப் பெண் படத்தை வாசலில் மாட்டிய மூன்றாம் நாளே தொழிலாளர்கள் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கேஜில் ஏறக் கால் வரவில்லையாம். அதைக் கேட்டுத் தாயம்மா அதிர்ந்துபோனாள். தன் கைக்கு இவ்வளவு சக்தியா என்று இரண்டு நாள் பிரஷ்ஷைத் தொடவேயில்லை.

படத்தை சௌந்தரம் வகுப்புக்குக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதைப் பற்றிப் பேச ஒரு வெள்ளிக்கிழமை தாயம்மாவையும் அழைத்தாள். தாயம்மா வெட்கத்தில் திணறி நாலு வார்த்தை சொல்லி முடித்ததும், பின்வரிசையிலிருந்து பாப்பம்மா என்ற பெண் எழுந்தாள்.

"எங்கண்ணன் போன வருஷம் கீழ செத்துட்டாரு. போட்டோ ஒண்ணுகூட இல்ல. வரைஞ்சி குடுப்பீங்களா?"

சௌந்தரம் வாயைப் பொத்திக்கொண்டாள். தாயம்மா அந்தப் பெண்ணின் பெஞ்சுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு காகிதத்தை இழுத்துக்கொண்டாள்.

"நெத்தி அகலமா, குறுகலா? மெதுவா சொல்லும்மா."