மாடு மட்டும் இறங்கும் தீவு

புருஷன் செத்ததை மறைத்தவள் என்று யூடோக்சியை எங்கள் கரையில் இன்றும் சிலர் பேசுவார்கள். பேசுகிறவர்களுக்கு வாய் வலிக்காது. அவள் இடத்தில் ஒரு வாரம் இருந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

எங்கள் டிரினிடாட் கரையிலிருந்து கப்ரீ தீவுக்குத் துடுப்புப் போட்டால், ஒரு சுருட்டு எரிந்து முடிவதற்குள் போய்விடலாம். ஆனால் போக முடியாது. வெனிசுவேலாவிலிருந்து வரும் மாடுகளை முதலில் அங்கே இறக்கி, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே ஊருக்குள் விட வேண்டும் என்று ஆளுநர் சட்டம் போட்டிருந்தார். தீவில் மாடு இறங்கலாம். காவலரும் அவர் பெண்டாட்டியும் குடியிருக்கலாம். பரிசோதனைக்குத் துரை வரலாம். வேறு யார் கால் வைத்தாலும் குற்றம். அங்கிருந்து ஒரு பிடி மண், ஒரு எலும்பு வெளியே வரக் கூடாது. முன்பு இருந்த காவலர் செத்தபோது அவர் உடலைக்கூட ஊர்க் கல்லறைக்கு விடவில்லை. மாட்டைப் புதைப்பது போலச் சுண்ணாம்பு கொட்டி அங்கேயே புதைத்தார்கள்.

அதற்குப் பிறகு வந்தவர்தான் யூடோக்சியின் கணவர் பிலோஜேன் லக்ரான். பதவி, தற்காலிகக் காவலர். தலை கறுப்பாக இருந்தபோது ஏறிய பதவி. தலை நரைத்துப் பல் ஆடத் தொடங்கிய பிறகும் தற்காலிகம்தான். அரசிதழ் வந்தால் நியமனங்கள் பக்கத்தை மட்டும் பிரித்து, விரலை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே போவார். சிறைக்குப் புதுக் கண்காணிப்பாளர், துறைமுகத்துக்குப் புது எழுத்தர், யார் யாரோ வருவார்கள். அவர் பேர் மட்டும் வராது.

“ஆளுநருக்கு என்னை ஞாபகம் இருக்குடி,” என்பார். “ஞாபகம் வந்தா சம்பளம் கூட்டணுமேன்னுதான் மறந்த மாதிரி நடிக்கிறாரு.”

மாடு வந்த காலத்தில் தனிமை தெரியவில்லை. படகுக்காரர்கள் கொம்பில் கயிற்றைக் கட்டிக் கடலில் தள்ளுவார்கள். மாடு நீந்தி வரும். யூடோக்சி இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிற்றைப் பிடித்து, ஸ்பானிஷில் திட்டினால்தான் அதற்குப் புரியும் என்று கத்திக்கொண்டே இழுப்பாள். பிலோஜேன் கரையில் நின்று அதிகாரம் பண்ணுவார். வேலை அவளுடையது, தொப்பி அவருடையது.

அப்புறம் அக்கரை வெனிசுவேலாவில் மாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோய் என்று செய்தி வந்தது. மறு உத்தரவு வரும்வரை ஒரு மாடும் வரக் கூடாது என்று தடை. தொழுவம் காலியானது. படகுகள் நின்றன. அரிசியும் உப்புக் கருவாடும் புகையிலையும் கொண்டு வரும் அல்சிட்டின் படகு மட்டும் மாதம் ஒரு தடவை வந்து, படகு அணையும் துறைக்கட்டையின் நுனியில் மூட்டையை வைத்துவிட்டுப் போகும்.

அந்த மழைக்காலத்தில்தான் பிலோஜேனுக்குக் காய்ச்சல் வந்தது. கஷாயத்துக்கும் ரம்முக்கும் அடங்கவில்லை. ஒரு விடியற்காலையில் யூடோக்சி கஞ்சியோடு போய்த் தொட்டுப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

அவள் சேதி சொல்லவில்லை. சொன்னால் சுண்ணாம்பு மூட்டையோடு ஆட்கள் வருவார்கள். அடுத்த அரசிதழில் புதுக் காவலர் பேர் வரும். அவள் தீவைவிட்டு இறங்க வேண்டும். இறங்கிவிட்டால் அவளும் ‘வேறு யார்’தான். புருஷன் கிடக்கும் மண்ணை மிதிக்க உரிமை இல்லாதவள். அதனால் மாட்டுக்குக் குழி வெட்டிப் பழகிய கையால், மேற்கே ஒரு வாதுமை மரத்தடியில் தானே வெட்டினாள். அவருடைய நல்ல சட்டையைப் போட்டுவிட்டாள். சுண்ணாம்பைத் தொடவில்லை. துரை கண்ணில் படக் கூடாதே என்று சிலுவையும் நடவில்லை.

எங்கள் ஊரில் சாவு ஒரு ஆள் தாங்குகிற காரியமில்லை. ஒன்பது ராத்திரி ஊரே வந்து உட்காரும். காபி கொதிக்கும், ரம் சுற்றி வரும், ஜெபப் பாட்டுக்கு நடுவே செத்தவரைக் கிண்டல் பண்ணிச் சிரிக்க வைப்பார்கள். ஒன்பதாம் நாள்தான் செத்தவருக்கும் விடுதலை, இருப்பவளுக்கும் விடுதலை. யூடோக்சிக்கு அது எதுவும் இல்லை. வாய்விட்டு அழக்கூட முடியவில்லை. தண்ணீர் மேல் சத்தம் வெகுதூரம் போகும். தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

அல்சிட் வந்தான். “அண்ணன் எங்க அண்ணி?”

“காய்ச்சல் தம்பி. படுத்திருக்காரு.”

அடுத்த மாதம் மூட்டுவலி. அதற்கடுத்த மாதம் தூக்கம். அல்சிட் தலையாட்டிவிட்டுப் போவான். இப்படி மழைக்காலம் போய் வெயில் வந்தது. அவள் தினமும் கொடி ஏற்றினாள், இறக்கினாள். காலித் தொழுவத்தைக் கூட்டினாள். பேச ஆளில்லை.

ஒருநாள் அல்சிட் மாதக் கெடு வருமுன்பே வந்தான். கையில் அரசிதழ்.

“அண்ணி, அண்ணன் பேரு வந்திருக்கு. நிரந்தரம் பண்ணிட்டாங்களாம். வர்ற சனிக்கிழமை துரையே வந்து சத்தியம் வாங்குறாராம்.”

யூடோக்சி துறைக்கட்டையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆசைப்பட்டதெல்லாம் ஆசைப்பட்ட ஆள் போன பிறகு வருகிறது.

அல்சிட் தொப்பியைக் கழற்றினான். “எங்களுக்குத் தெரியும் அண்ணி. புகையிலை மூட்டையைப் பார்த்ததும் ‘இது புகையிலையா, மாட்டுச் சாணியா’ன்னு கத்துவாரே அண்ணன். அந்த மாசம் சத்தமே இல்ல. அப்பவே புரிஞ்சுபோச்சு. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தோம். ஆனா மனுஷனைச் சும்மா விட முடியுமா? ஒன்பது ராத்திரியும் நம்ம கரையில உட்கார்ந்தோம். நல்லபடியா வழியனுப்பிட்டோம்.”

அவளுக்கு நினைவிருந்தது. அந்த ராத்திரிகளில் கரையிலிருந்து பாட்டும் கொட்டும் வந்தது. எந்தக் கொடுத்துவைத்தவளுக்கோ துணைக்கு ஊரே உட்கார்ந்திருக்கிறது என்று கதவருகில் நின்று பொறாமையோடு கேட்டிருந்தாள்.

“அடப்பாவிங்களா,” என்றாள். “என் துக்கத்துக்கு நீங்க காபி குடிச்சீங்களா? நான் இங்க ஒத்தையில கிடந்தேனே, ஒரு வார்த்தை கத்தியிருக்கக் கூடாதா?”

“கத்தினா துரை காதுல விழாதா அண்ணி? உங்களுக்காகத்தானே வாயைப் பொத்திக்கிட்டிருந்தோம்.”

அவன் சொன்னதும் நியாயம்தான். அதனாலேயே அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

யோசனையும் அல்சிட்டுடையதுதான். இந்தத் துரை புதிதாக வந்தவர், பிலோஜேனைக் கண்ணால் பார்த்ததில்லை. அல்சிட்டின் மச்சான் நார்சிஸ் ஏறக்குறைய அதே வயசு. அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு பைபிளில் கை வைத்துவிட்டால் தீர்ந்தது. நிரந்தரக் காவலரை யாரும் அசைக்க முடியாது, அண்ணி கண் மூடும்வரை தீவிலேயே இருக்கலாம் என்றான். எங்கள் கரையில் அதுவரை யாரும் நிரந்தரம் ஆனதில்லை. ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? யூடோக்சி சம்மதித்தாள்.

நார்சிஸ் சனிக்கிழமை விடியும் முன்பே வந்தான். ஊரில் அவனைவிட்டால் வேறு கோமாளி கிடையாது. பிலோஜேனின் கோட்டு அவன் வயிற்றில் பூட்டவில்லை.

“செத்தவரு கஞ்சியா குடிச்சாரு?” என்றான். “அண்ணி, நான் இருமணுமா, நொண்டணுமா?”

“வாயை மூடிக்கிட்டு நின்னா போதும்.”

துரை நல்ல வெயிலில் வந்தார். சிவந்த, களைத்த மனுஷன். நார்சிஸ் பாதிரியாரையே தோற்கடிக்கும் பக்தியோடு பைபிளில் கை வைத்து, பிலோஜேன் லக்ரான் ஆகிய நான் என்று தொடங்கி, மாட்சிமை பொருந்திய மன்னருக்கு உண்மையாக இருப்பேன் என்று முடித்தான். துரை கை குலுக்கினார். பிறகு பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார்.

“நிரந்தர ஊழியரை ஒரே இடத்துல வச்சிருக்கிறது வழக்கமில்ல. உன்னைத் தெற்கே சான் பெர்னாண்டோ துறைமுகத்துக்கு மாத்தியிருக்கு. மாசக் கடைசிக்குள்ள சம்சாரத்தோட கிளம்பிடு. நல்ல வீடு, தண்ணிக் குழாய் எல்லாம் உண்டு.”

“ரொம்ப நன்றி துரை,” என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, நார்சிஸ் யூடோக்சியின் முகத்தைப் பார்த்தான். அவன் சிரிப்பு அப்படியே செத்தது.

“அவர் வரமாட்டார் துரை,” என்றாள் யூடோக்சி.

“யாரு?”

“என் வீட்டுக்காரர்.”

“இதோ நிக்கிறாரே?”

“இவன் நார்சிஸ். ஊருக்கே சிரிப்புக் காட்டுறவன். என் வீட்டுக்காரர் அந்த வாதுமை மரத்தடியில கிடக்கார். போன மழையில போயிட்டார். அவரை எந்த ஊருக்கு மாத்துவீங்க?”

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை பீறிட்டது. மாதக்கணக்கில் தலையணைக்குள் போனதெல்லாம் வெளியே வந்தது. இக்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

துரை கெட்டவரில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரத்தடிவரை போய் நின்றார். யாரையும் ஜெயிலுக்கு அனுப்பவில்லை. அனுப்பினால், ஊர்க் கோமாளிக்குத் தன் கையாலேயே சத்தியம் செய்து வைத்ததையும் எழுத வேண்டியிருக்குமே. காவலர் காலமானார் என்று மட்டும் எழுதிக்கொண்டார். யூடோக்சி மரக்கிளையை வெட்டிச் சிலுவை கட்டி நட்டுவிட்டு, அந்த மாதக் கடைசியில் தீவைவிட்டு இறங்கினாள்.

ஊர் அவளுக்குக் கடலோரத்தில் ஒரு குடிசை கொடுத்தது. அவள் ஆளுநருக்கு ஒரு மனுப் போட்டாள். செத்தவர்களை நினைக்கும் சகல ஆத்துமாக்கள் திருநாளன்று மட்டும், வருஷத்துக்கு ஒரு தடவை, கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றத் தீவில் இறங்க அனுமதி வேண்டும். பதில் வருவதற்குள் அக்கரையில் நோய் அடங்கி, மாட்டுத் தடையை எடுத்துவிட்டார்கள். மாடுகள் வந்து இறங்கின. அவளுக்கு விதிகளில் இடமில்லை என்று எழுதி வந்தது.

“அடுத்த ஜென்மம்னு ஒண்ணு இருந்தா வெனிசுவேலாவுல மாடாப் பொறக்கிறேன்,” என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

திருநாள் வந்தது. ஊரே பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தது. யூடோக்சி மட்டும் கடலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். புதுக் காவலர் பட்டணத்து ஆள். அல்சிட் மூட்டையோடு ஒரு கட்டு மெழுகுவத்தியும் கொடுத்து, லக்ரானின் கல்லறையில் ஏற்றச் சொல்லியிருந்தான். வாதுமை மரத்தடி என்று அடையாளமும் சொல்லியிருந்தான். கப்ரீ தீவில் வாதுமை மரத்துக்கா பஞ்சம்?

பொழுது சாய்ந்ததும் தீவில் வெளிச்சம் தெரிந்தது. ஒன்று, இரண்டு, வரிசையாக.

“பாத்தீங்களா அண்ணி! ஏத்திட்டாரு!” அல்சிட் சின்னப்பிள்ளை மாதிரி குதித்தான்.

யூடோக்சி பார்த்தாள். அது தொழுவத்துக்குப் பின்னால் இருக்கும் மேடு. முன்பு நோயில் செத்த எருதுகளை அவளும் பிலோஜேனும் புதைத்த இடம். மாடுகள் முதுகு சொறிய உரசி உரசிச் சிலுவையை எப்போதோ தள்ளியிருக்க வேண்டும். வந்தவர் அங்கே நின்ற வாதுமை மரத்தையும் மேட்டையும் பார்த்ததும் கல்லறை என்று நினைத்துவிட்டார்.

“பாத்தேன் தம்பி,” என்றாள். “நல்ல மனுஷன். நான் சொன்னேன்னு நன்றி சொல்லு. நீ போ, உங்கம்மாவுக்கு மெழுகுவத்தி ஏத்தணுமில்ல.”

அவன் போனதும் மணலில் முழங்கால் போட்டாள். வெளிச்சத்துக்கு வலப்பக்கம், தீவின் மேற்கு ஓரம், ஒன்றுமே தெரியாத இருட்டு. அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டு புருஷனுக்காக ஜெபம் சொன்னாள்.