நான் வாசிக்காமல் விட்ட அத்தியாயம்

படம் இரண்டு மணி நாற்பத்தெட்டு நிமிடம் ஓடியது. அதற்குள் நாவலுக்கு மாறான இடங்கள் முப்பத்தொன்றை எண்ணியிருந்தேன். இருட்டில் எழுத முடியாது என்பதால் விரல் கணுக்களில் எண்ணி, இடைவேளையில் பதினான்கும் முடிந்ததும் பதினேழும் பாப்கார்ன் பெட்டியின் மேல் குறித்துக்கொண்டேன்.

ஓய்வு பெறும் வரை ஒரு நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவன் நான். ஓர் அங்குல நூலில் எத்தனை முறுக்கு என்று முப்பத்தாறு வருடம் எண்ணியிருக்கிறேன். எனக்குப் பிடித்த நாவலை யாரோ பிரித்து மறுபடி முறுக்கினால் கண்ணில் படாமல் இருக்குமா?

நாவலில் ஒரு குன்றுக்குள் ஒரு நகரம் இருக்கிறது. அதற்கு ஏழு வாசல்கள். ஒவ்வொரு வாசலும் ஒரு கேள்வி கேட்கும். வயிற்றில் பிள்ளையோடு ஒரு குயத்தி, உள்ளே அடைபட்டிருக்கும் ஆற்றை வெளியே விடுவதற்காகப் போகிறாள். வாய் திறந்து எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு பானையை வைத்துவிட்டு நடக்கிறாள். மொத்தம் அறுபத்துநான்கு அத்தியாயம், ஒரு சண்டைகூடக் கிடையாது. படத்தில் ஏழு வாசல் மூன்றாகிவிட்டது. குயத்தி கையில் வாள். வாயில்காப்போனுக்கு ஒரு பாட்டு. அவளோடு கடைசி வரை வரும் செவிட்டு நாயைக் காணவே இல்லை. எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது சத்தம்தான். அந்த நகரத்தில் காலடி ஓசைகூடக் கேட்காது என்று ஆசிரியர் திரும்பத் திரும்ப எழுதியிருப்பார். வாசிக்கும்போது நம் மூச்சுதான் நமக்குக் கேட்கும். இங்கே டிரம்ஸ் அடித்த அடியில் உட்கார்ந்திருந்த நாற்காலி அதிர்ந்தது.

எங்களைப் படத்துக்கு அழைத்துப் போனவள் மகள். வெளியே வந்து காபி குடிக்க உட்கார்ந்ததும் பெட்டியைப் பார்த்து வரிசையாகப் படித்துக் காட்டினேன். முப்பத்தொன்றோடு நின்றுவிட்டதா என்று சிரித்தாள். ஒழுங்காக ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தால், தானே டைப் செய்து படம் எடுத்தவர்களுக்கு அனுப்புவதாகவும் சொன்னாள்.

மனைவி காபியைத் தொடவில்லை.

"ஏனுங்க, கடைசியில அந்தக் குயத்திப் புள்ளையைக் கல்லாக்கிப் போட்டாங்களே. அதைச் சேத்தீங்களா?"

சேர்க்கவில்லை என்றேன்.

"அதையல்லோ மொதல்ல எழுதோணும். நாயைக் காணோம், பானையைக் காணோம்னு எழுதிட்டு இருக்கறீங்க. பெத்தவளைக் கொன்னு போட்டிருக்காங்க."

மகளும் தாய் பக்கம் சேர்ந்துகொண்டாள். சின்ன வயதில் அம்மா சொன்ன கதையில் குயத்தி பாறையைப் பிளந்துகொண்டு வெளியே வருவாளே என்றாள். பேனாவை என் கையிலிருந்து வாங்கி, பெட்டியின் மேல் முப்பத்திரண்டு என்று எழுதினாள்.

அந்த ஒரே இடத்தில்தான் படம் நாவலை அப்படியே எடுத்திருந்தது. மாற்றியவன் நான்.

எங்களுக்கு முதல் இரண்டு கர்ப்பமும் தங்கவில்லை. மூன்றாம் முறை, கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சிங்காநல்லூரில் அப்போது நாங்கள் இருந்தது ஒற்றை அறை லைன் வீடு. அவள் பகல் முழுவதும் ஓட்டுக்கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பாள். ஐந்தாவது வரை படித்தவள் என்றாலும் புத்தகம் வாசிக்கிற பழக்கம் கிடையாது. நூலகத்திலிருந்து இந்த நாவலை எடுத்துவந்து, ஷிப்ட் முடிந்து வந்ததும் தினம் இரண்டு அத்தியாயம் வாசித்தேன். முப்பத்திரண்டு மாலைகளில் முடியவேண்டிய கணக்கு. முப்பதாவது நாள் சாப்பாட்டு இடைவேளையில் மில்லிலேயே மீதியை வாசித்துவிட்டேன். அறுபத்திரண்டாம் அத்தியாயத்தில் குயத்தி பிள்ளை பெறுகிறாள், அதே மூச்சில் கல்லாகிறாள், ஆறு அவளைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. மறுநாள் மாலை நான் வாசிக்க வேண்டிய இடம் அது.

மறுநாள் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு வேறொன்றைச் சொன்னேன். பாறை பிளந்தது. அவள் வெளியே வந்து கையிலிருந்த களிமண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்குப் பசிக்கும், வழி விடுங்கள் என்றாள். பக்கங்களைக்கூட அந்தந்த நேரத்துக்குச் சரியாகப் புரட்டினேன். கெடுவுக்கு ஒன்பது நாள் முன்னாலேயே புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அன்று கட்டிலில் காத்திருந்து பெற்ற மகள்தான் இன்று முப்பத்திரண்டு என்று எழுதியவள்.

கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். முப்பத்தொன்று என்று எழுதினால் மனைவி விடமாட்டாள். முப்பத்திரண்டு என்று எழுதினால் பொய். மறுநாள் காலை அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பீரோவில் சட்டைகளுக்கு அடியில் வைத்திருந்த பிரதியை எடுத்துவந்தேன். பிற்பாடு மறுபதிப்பு வந்தபோது வாங்கியது. விஷயத்தைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அதை அச்சில் உள்ளபடி வாசிக்கச் சொன்னாள். பதினொரு நிமிடம் ஆயிற்று.

"அன்னிக்கு இதைப் படிச்சிருந்தீங்கன்னா நான் பயந்தே போய்ச் சேந்திருப்பேனுங்க," என்றாள்.

எனக்கு மூச்சு வந்தது. அவள் முடிக்கவில்லை.

"சரி. புள்ளை பொறந்துச்சு. வளந்துச்சு. கண்ணாலமும் ஆச்சு. அப்புறமும் எதுக்குங்க சொல்லலை?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மறக்கவில்லை. மகளுக்கு அவள் அந்தக் கதையைச் சொல்லும் இரவுகளில் நான் விழித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். நான் கட்டிய வரிகளை அந்தப் பெரிய எழுத்தாளரின் வரிகளாக அவள் சொல்வாள், ஒரு சொல் பிசகாது. அது எனக்குப் பிடித்திருந்தது. இதை அவளிடம் சொன்னேன். அவள் மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் மட்டுமே பேச்சு. கடிதம் எங்கே என்று மகள் போனில் கேட்டாள். எழுதவில்லை என்றேன். ஏன் என்று அவளுக்கு அம்மா சொன்னாளா என்பது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் மனைவி, அந்தப் படத்துக்கே மறுபடி இரண்டு டிக்கெட் போடச் சொன்னாள். அந்தக் கண்றாவியையா என்று கேட்டேன்.

"அன்னிக்குக் கல்லு ஏற ஆரம்பிச்சதுமே நான் கண்ணை மூடிட்டேனுங்க. தப்பாக் காட்டறாங்கன்னு நெனச்சு பாக்கவே இல்லை. இப்பப் பாக்கோணும்."

மதியக் காட்சி. எங்களைச் சேர்த்து ஒன்பது பேர். வாள் வந்தது, பாட்டு வந்தது, மூன்று வாசலும் வந்து போயின. கடைசியில் குயத்தி குழந்தையைக் கரையில் கிடத்தினாள். அவள் பாதத்திலிருந்து கல் ஏறத் தொடங்கியது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். மனைவி முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்தே இருந்தது.

"பொஸ்தகத்துலயும் இப்படித்தானுங்களா?"

"ஆமாம். ஆனால் இந்த டிரம்ஸ் கிடையாது. அங்கே ஒரு சத்தமும்..."

"நீங்க செத்த சும்மா இருங்க," என்றாள். "நான் பாக்கறேன்."